பூட்டிய அறையில் ஒரு குர்ஆன்

மேலைநாட்டுத் திரைப்படமொன்றில் திருக்குர்ஆன் மரியாதையுடன் காட்டப்பட்டுவிட்டால் போதும், நம்மவருள் பலருக்கு உள்ளம் குளிர்ந்துவிடுகிறது. காட்டியவர் யார், எதற்காகக் காட்டினார், ஒரு கையால் காட்டியபோது மறு கையால் மறைத்தது எது என்றெல்லாம் கேட்க அவர்களுக்குத் தோன்றுவதில்லை. நெடுங்காலமாக வசையையே கேட்டுப் பழகிய செவிக்கு ஒரேயொரு நற்சொல்லும் தேனாய் இனிப்பது இயல்புதான். ஆயினும், பசித்திருந்தோம் என்பதற்காகக் கிடைத்த கவளத்தை விருந்தென்று சொல்லிவிட முடியுமா?

2006ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் திரையரங்குகளுக்கு வந்த ‘வி ஃபார் வெண்டெட்டா’ என்னும் ஆங்கிலப் படத்தைப் பற்றியே சொல்லுகிறேன். அது வெளிவந்து இத்தனை ஆண்டுகள் கழிந்த பின்னும், முஸ்லிம்களுக்காகப் பரிந்து பேசிய படம் என்று அதனை எடுத்துக்காட்டுவோர் உண்டு. அப்படம் முஸ்லிம்களுக்காகப் பேசவில்லை. முஸ்லிம்கள் ஓதும் ஒரு நூலுக்காகப் பேசியது. இரண்டும் ஒன்றல்ல என்பதே என் வழக்கு.

படத்தைக் காணாதவர்க்காகக் கதையைச் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். எதிர்கால இங்கிலாந்து. நார்ஸ்ஃபயர் என்னும் பாசிசக் கட்சி ஆட்சியில் இருக்கிறது. இரவெல்லாம் ஊரடங்கு, எங்கும் ஒற்றர், தொலைக்காட்சியைத் திறந்தால் பொய். குடியேறியோர், முஸ்லிம்கள், ஓரினச் சேர்க்கையாளர், அரசை எதிர்த்தோர் என வேண்டாதவர் பட்டியல் ஒன்று போடப்பட்டு, அதிலுள்ளோர் அகற்றப்பட்டுவிட்டனர். லார்க்ஹில் என்னும் தடுப்பு முகாமில் மருத்துவச் சோதனைக்கு ஆளாகித் தப்பிவந்த ஒருவன், கய் ஃபாக்ஸின் முகமூடியை அணிந்து, ‘வி’ என்னும் ஒற்றை எழுத்தையே பெயராகக் கொண்டு பழிவாங்கப் புறப்படுகிறான். ஈவி என்னும் இளம்பெண் அவன் வழியில் வந்து சேர்கிறாள். முகமூடிக்காரனாக ஹியூகோ வீவிங்; ஈவியாக நட்டாலி போர்ட்மன்; சர்வாதிகாரியாக ஜான் ஹர்ட். ஆர்வெல்லின் நாவல் 1984ஆம் ஆண்டில் படமாக்கப்பட்டபோது கொடுங்கோலரசின் கையில் வதைபட்ட வின்ஸ்டன் ஸ்மித்தாக நடித்த அதே ஹர்ட், இங்கே தாமே கொடுங்கோலராகி உறுமுகிறார். படத்தில் நான் மனமார ரசித்த குறும்பு இது.

இனி, நம்மவர் போற்றும் அந்தக் காட்சிக்கு வருவோம். ஒளிவதற்கு இடம் தேடிய ஈவி, கார்டன் டீட்ரிக் என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சியாளரின் இல்லத்தை அடைகிறாள். ஸ்டீஃபன் ஃபிரை அந்தப் பாத்திரத்தில் நடித்திருக்கிறார். அவருடைய வீட்டில் ஓர் இரகசிய அறை. அதில் அரசு தடை செய்த ஓவியங்களும் சுவரொட்டிகளும். அவற்றினிடையே 14ஆம் நூற்றாண்டுத் திருக்குர்ஆன் பிரதி ஒன்றும் இருக்கிறது. நீங்கள் முஸ்லிமா என்று ஈவி கேட்கிறாள். இல்லை, தாம் தொலைக்காட்சிக்காரர் என்று அவர் வேடிக்கையாக விடை சொல்லுகிறார். அதன் அழகையும் கவிதையையும் சுவைக்க முஸ்லிமாக இருக்க வேண்டியதில்லை என்பது அவர் கட்சி. பின்னர், ஆட்சித் தலைவரைக் கேலி செய்து ஒரு நிகழ்ச்சி நடத்தியதற்காக அவர் வீட்டில் காவற்படை புகுகிறது. கேலிக்காக மட்டுமென்றால் சிறையோடு தப்பியிருக்கக்கூடும். வீட்டில் குர்ஆன் அகப்பட்டதால் அவர் உயிர் பறிக்கப்பட்டது என்று பின்னால் நமக்குத் தெரிவிக்கப்படுகிறது.

நன்றி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அபூ குரைப் சிறையின் படங்களை உலகம் கண்டு இரண்டாண்டுகள்கூட நிறையாத காலம் அது. குற்றப்பத்திரிகை இன்றித் தொண்ணூறு நாள் அடைத்துவைக்கும் அதிகாரத்தைப் பிளேர் அரசு கேட்டு, 2005 நவம்பரில் பிரித்தானியப் பொதுமக்கள் சபை அதை மறுத்து, இருபத்தெட்டு நாள் என்று பேரம் படிந்த காலம். அப்போது, அரசே கொள்ளைநோயைப் பரப்பிவிட்டுப் பழியைச் சமயத் தீவிரர் தலையில் சுமத்தியது என்று கதை சொல்லவும், குர்ஆனை வைத்திருந்ததற்காக ஒருவன் கொல்லப்படுவதை அநீதி என்று காட்டவும் துணிவு வேண்டும். அந்தத் துணிவு இதை எடுத்தவர்களிடம் இருந்தது. அதனாலேயே, அவர்கள் எங்கே நின்றுவிட்டார்கள் என்பது கவனிக்கத்தக்கதாகிறது.

குர்ஆனுக்காக உயிர் துறப்பவர் யார்? அதை ஓதுபவர் அல்லர், சேகரிப்பவர். அதை நம்பியவர் அல்லர், ரசித்தவர். நம்பியவர்கள் எங்கே? கொண்டுபோகப்பட்டார்கள். எப்போது, எந்தத் தெருவிலிருந்து, கதவு தட்டப்பட்ட இரவில் அந்த வீட்டுத் தாய் என்ன செய்தாள் என்றெல்லாம் படம் கேட்கவேயில்லை. பெயருள்ள முஸ்லிம் பாத்திரம் ஒன்றுகூட இதில் இல்லை. ‘முஸ்லிம்’ என்ற சொல் ஒலிக்கிறது, வெறுப்பவனின் வாயிலிருந்தும் வியப்பவளின் வாயிலிருந்தும். முஸ்லிமின் வாயிலிருந்து மட்டும் எதுவும் ஒலிப்பதில்லை.

இது மூலக்கதையின் குறை என்று சொல்லித் தப்ப வழியில்லை. ஆலன் மூர் எழுதி டேவிட் லாய்ட் வரைந்த சித்திரக் கதை இது. 1982இல் ‘வாரியர்’ என்னும் ஆங்கில இதழில் தொடங்கி, அவ்விதழ் 1985இல் நின்றுபோனதால் இடைமுறிந்து, பின் அமெரிக்க டி.சி. நிறுவனத்தின் வழியாக 1988, 1989ஆம் ஆண்டுகளில் நிறைவு பெற்றது. அதிலுள்ள கார்டன் ஒரு சில்லறைக் கள்ளச் சரக்குக்காரன். வேறொரு ரௌடியின் கையால் மடிபவன். அவன் வீட்டில் குர்ஆனும் இல்லை, ஓவியக் கூடமும் இல்லை. திரைக்கதை எழுதிய வச்சோவ்ஸ்கி உடன்பிறப்புகளும் இயக்குநர் ஜேம்ஸ் மெக்டீகும் தாமே விரும்பிச் சேர்த்த காட்சி அது. குர்ஆனுக்குப் புதிதாக இடம் அமைக்கத் தெரிந்த கைகளுக்கு, அதை ஓதும் ஒருவருக்கு இடம் அமைக்க யார் தடை விதித்தார்கள்?

மூலக்கதையில் முகாமுக்குப் போனவர்கள் கறுப்பர்களும் பாகிஸ்தானியரும். அது எழுதப்பட்ட காலத்தின் முத்திரை அதில் இருந்தது. நேஷனல் ஃப்ரண்ட் கட்சியினர் இலண்டன் தெருக்களில் ஊர்வலம் போன காலம். 1978 மே 4ஆம் நாள், வேலை முடிந்து வீடு திரும்பிய ஆல்தப் அலி என்னும் வங்காளத் தையல் தொழிலாளி ஒயிட்சாப்பலில் குத்திக் கொல்லப்பட்ட காலம். அன்று அவரைக் கொன்றவர்கள் அவருடைய தொழுகையைப் பார்க்கவில்லை, தோலைப் பார்த்தார்கள். கால் நூற்றாண்டு கழிந்து திரைப்படம் வரும்போது பட்டியலில் பெயர் மாறிவிட்டது. அதே தெருவில் வாழும் அதே சில்ஹெட் குடும்பத்துப் பிள்ளை, தந்தை காலத்தில் ‘பாக்கி’ என்று ஏசப்பட்டவன், இப்போது ‘முஸ்லிம்’ என்று ஏசப்படுகிறான். இந்த மாற்றத்தை உணர்ந்து பட்டியலைத் திருத்தியது படக்காரர்களின் கூர்மை. பெயரைத் திருத்தினார்கள்; பெயருக்குரியவனை அழைக்கவில்லை.

மூர் இப்படத்தில் தம் பெயரே வேண்டாமென்று விலகிக்கொண்டார். பாசிசத்துக்கும், அரசே வேண்டாமென்னும் அராஜகவாதத்துக்கும் இடையே தாம் அமைத்த மோதலை, அமெரிக்கத் தாராளவாதிகளுக்கும் புஷ் கூட்டத்தாருக்கும் இடையேயான சண்டையாகக் குறுக்கிவிட்டார்கள் என்றும், சொந்த நாட்டில் கதையை வைக்க அஞ்சி இங்கிலாந்தைக் கடன் வாங்கினார்கள் என்றும் அவர் குறைபட்டார். சரியான குறை. ஆனால் அதனினும் பெரிய கடன் ஒன்று அவர் கண்ணில் படவில்லை. அந்தத் தாராளவாதி தன்னைத் தியாகியாக்கிக்கொள்வதற்கு எங்கள் வேதத்தையல்லவா கடன் வாங்கியிருக்கிறான்!

படத்தின் இதயம் ஒரு கடிதம். சிறையில் கிடக்கும் ஈவிக்குச் சுவரின் பொந்தொன்றில் அது கிடைக்கிறது. வேலரி என்னும் நடிகை, முன்னொரு நாள் அடுத்த அறையில் கிடந்து மலங்கழிப்பறைத் தாளில் எழுதிவைத்தது. தன் பாட்டியை, பள்ளிப் பருவத்தை, பெற்றோர் தன்னை வீட்டைவிட்டு வெளியேற்றியதை, தான் நேசித்த பெண்ணை, சன்னலோரத்து ரோஜாக்களை அவள் சொல்லுகிறாள். அரங்கமே விம்மும் இடம் அது. அவள் வாழ்க்கை முறையைப் பற்றி நம் மார்க்கத்தின் நிலை எல்லாரும் அறிந்ததே. அதற்காக அவளை வதைத்தவனோடு நான் ஒருபோதும் நிற்கமாட்டேன். அந்தக் கடிதம் படத்தில் இருக்கட்டும். வீடிழந்த இருவருள் ஒருவருக்குக் கூரை கிடைத்ததென்று மற்றவர் புகைவது அழகன்று. எனினும் அந்தக் கடிதம், இவர்களுக்கு வழி தெரியும் என்பதை மெய்ப்பித்துவிட்டது. பட்டியலில் ஒரு சொல்லாகக் கிடந்தவளை மனுஷியாக்க, ஐந்து நிமிடமும் ஒரு துண்டுத் தாளும் போதும் என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். அதே பட்டியலில் அடுத்த சொல்லாக இருந்தவருக்கு அந்த ஐந்து நிமிடம் ஒதுக்கப்படவில்லை. அவருக்குப் பதிலாக ஒரு கையெழுத்துப் பிரதி நிறுத்தப்பட்டது.

அந்தப் பிரதியையேனும் புரிந்துகொண்டார்களா? கார்டன் அதைக் கவிதை என்று புகழ்கிறார். தன்னைக் கவிதை என்று சொல்வதைத் தானே மறுக்கும் வேதம் அது என்பதை (அத்தியாயம் 36, வசனம் 69) அறிந்த ஒருவரும் அந்தப் படப்பிடிப்புத் தளத்தில் இல்லை போலும். பாராட்டாகச் சொல்லப்பட்டதை இப்படித் துருவலாமா என்று சிலர் முகஞ்சுளிப்பர். துருவத்தான் வேண்டும். கவிதை என்றால் சுவைத்துவிட்டு வைத்துவிடலாம். அது யாரையும் எதற்கும் கட்டுப்படுத்தாது. இரகசிய அறையில் மற்ற ஓவியங்களுக்கு நடுவே அதைக் கொண்டு வைக்கும்போதே, அதைக் கேட்டு நடக்கும் மக்களிடமிருந்து அது பிரிக்கப்பட்டுவிடுகிறது.

தமிழ் முஸ்லிம்கள் குர்ஆனைப் ‘படிப்பதாக’ வழக்கமாகச் சொல்வதில்லை, ‘ஓதுவதாக’ச் சொல்கிறோம். அந்த ஒரு வினைச்சொல்லுக்குள் ஒளுச் செய்த ஈரக்கையும், ரிஹால் பலகையும், பிழை திருத்தும் உஸ்தாதின் குரலும், மையித்து வீட்டில் உறவினர் பங்கிட்டு எடுக்கும் ஜுஸ்வுகளும் அடங்கியிருக்கின்றன. குர்ஆன் என்னும் அரபுச் சொல்லுக்கே ஓதப்படுவது என்று பொருள். ஓதுவாரின்றிப் பூட்டிய அறையில் கிடப்பது எத்துணை விலையுயர்ந்ததாயினும் தாளும் மையுமே. ஒரு பிரதியைப் பறித்துவிட்டால் குர்ஆன் போய்விடும் என்று எண்ணுவதும் பேதைமை. ரே பிராட்பரி 1953இல் எழுதிய ‘ஃபாரன்ஹீட் 451’ நாவலில், நூல்கள் எரிக்கப்படும் நாட்டில், ஆளுக்கொரு நூலை மனத்தில் ஏந்தித் திரிவோரை அவர் அற்புதக் கற்பனையாக வருணித்தார். நம் ஊர் மதரஸாவில் பன்னிரண்டு வயதுப் பையன் அதைச் செய்துவிட்டு மாலையில் பந்தாடப் போகிறான். லார்க்ஹில்லின் இருட்டறையில் ஒரு ஹாபிழை அடைத்திருந்தால் அங்கே என்ன நிகழ்ந்திருக்கும் என்று யாராவது ஒரு கணம் எண்ணியிருந்தால், கார்டனின் அலமாரியே தேவைப்பட்டிராது.

ஒளித்துவைக்கப்பட்ட குர்ஆன் என்பது ஐரோப்பாவுக்குக் கற்பனையும் அன்று. 1492இல் கிரானடா வீழ்ந்தது. அடுத்த சில ஆண்டுகளிலேயே கார்டினல் சிஸ்நெரோஸின் கட்டளையால் அந்நகரில் அரபு நூல்கள் தீக்கிரையாயின. ஞானஸ்நானமா, நாடுகடத்தலா என்னும் கேள்வி 1526க்குள் ஸ்பெயினின் முஸ்லிம்கள் எல்லார் முன்னும் வைக்கப்பட்டுவிட்டது. மொரிஸ்கோக்கள் என்று அழைக்கப்பட்ட அம்மக்கள் வெளியே கிறித்தவராகவும் உள்ளே முஸ்லிம்களாகவும் மூன்று நான்கு தலைமுறை வாழ்ந்தார்கள். அரபு பேச மறந்தார்கள். அரபு எழுத்தை மறக்கவில்லை. தம் ஸ்பானிய மொழியையே அரபு எழுத்தில் எழுதி மார்க்கத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். அல்ஹமியாதோ என்று அதற்குப் பெயர். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் அரபுத்தமிழ் ஏடுகளைக் கண்டவர்க்கு இது அந்நியமாய்த் தோன்றாது. நம்மவர் விருப்பத்தோடு செய்ததை அவர்கள் உயிருக்கு அஞ்சிச் செய்தார்கள் என்பது பெரிய வேறுபாடு. 1609இல் தொடங்கி 1614க்குள் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நாடு கடத்தப்பட்டார்கள். 1884இல், அரகோன் பகுதியின் அல்மொனாசித் தெ லா சியேரா என்னும் ஊரில் பழைய வீடொன்றை இடித்தபோது, பொய்த்தளத்தின் அடியில் அடுக்கடுக்காக ஏடுகள் கிடைத்தன. என்றாவது திரும்புவோம் என்று எண்ணியோ, எதிரி கையில் சிக்கலாகாதென்றோ, போகும்போது ஒருவர் புதைத்துவிட்டுப் போனவை.

ஐரோப்பாவில் குர்ஆனை ஒளித்தவர் அந்த மனிதர்தாம். அவருக்குக் குடும்பம் இருந்தது, அண்டைவீட்டாரைப் பற்றிய அச்சம் இருந்தது, பன்றி இறைச்சியை உண்பதாக நடிக்க வேண்டிய நாள்கள் இருந்தன. அவர் செய்த செயலைத் திரைப்படம் எடுத்துக்கொண்டது. செய்தவரை நீக்கிவிட்டு, அவ்விடத்தில் நாகரிக ரசனையுள்ள ஆங்கிலேயர் ஒருவரை வைத்தது.

வேடிக்கை என்னவென்றால், அந்த மொரிஸ்கோக்களின் காலம்தான் படத்து முகமூடிக்குரியவனின் காலமும். கய் ஃபாக்ஸ் 1605 நவம்பர் 5ஆம் நாள், இலண்டன் நாடாளுமன்ற மாளிகைக்கு அடியில் வெடிமருந்தோடு பிடிபட்டவன். அவன் கத்தோலிக்கன், தன் சமயத்தின்படி வழிபட்டால் அபராதமும் சிறையும் விதிக்கப்பட்ட சிறுபான்மையைச் சேர்ந்தவன். அவனும் அவன் கூட்டாளிகள் சிலரும் செய்ய முனைந்த பாதகத்துக்கு அவன் சமூகம் முழுவதும் பதில் சொல்ல நேர்ந்தது. 1606இல் கத்தோலிக்கர்மீது புதிய சட்டங்களும் இராஜவிசுவாசப் பிரமாணமும் வந்தன. நாடாளுமன்றத்தில் அமர அவர்கள் 1829ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆண்டுதோறும் அவனுடைய உருவப் பொம்மை தெருத்தெருவாய் எரிக்கப்பட்டது. 1603இல் அவன் உதவி கேட்டு ஸ்பெயினுக்குப் போனான். அவன் நாடிப்போன மன்னர் மூன்றாம் பிலிப், ஆறாண்டு கழித்து மொரிஸ்கோக்களை விரட்டிய அதே மூன்றாம் பிலிப். ஒரு நாட்டில் ஒடுக்கப்பட்டவன், மற்றொரு நாட்டில் ஒடுக்குபவனிடம் கையேந்தினான். வரலாற்றில் இத்தகைய முடிச்சுகள் நிறைய உண்டு.

சிலர் செய்ததற்கு ஒரு சமயத்தார் எல்லாரும் சந்தேகத்துக்கு ஆளாவது என்னும் துயரம், அந்த முகமூடிக்குள்ளேயே இருக்கிறது. 2006இல் அதை நினைவூட்ட இதைவிட நல்ல வாய்ப்பு வாய்த்திராது. 2005 ஜூலை 7ஆம் நாள் இலண்டன் சுரங்க இரயில்களிலும் பேருந்திலும் குண்டு வைத்தவர்கள் 52 பேரைக் கொன்றார்கள். மாண்டவருள் முஸ்லிம்களும் இருந்தனர். அம்மாதம் 22ஆம் நாள், ஷான் சார்லஸ் தெ மெனேசெஸ் என்னும் பிரேசில் நாட்டு மின்பணியாளரைத் தற்கொலைக் குண்டாளி என்று தவறாக எண்ணி, ஸ்டாக்வெல் நிலையத்தில் போலீசார் இரயிலுக்குள்ளேயே சுட்டுக்கொன்றார்கள். அந்த ஆண்டின் நவம்பருக்கென்று குறித்திருந்த படம் மறு ஆண்டு மார்ச்சுக்குத் தள்ளிப்போயிற்று. வேலை முடியாததே காரணம் என்றார்கள். படத்தின் முடிவில் வெடிமருந்து நிரப்பிய சுரங்க இரயிலொன்று நாடாளுமன்றத்தை நோக்கிப் போகிறது. மாளிகை வெடித்துச் சிதறுகையில் இசை முழங்குகிறது. மக்கள் முகமூடி கழற்றி அண்ணாந்து பார்க்கிறார்கள். குண்டு வைப்பவனை எந்த நிறத்திலும் நாம் போற்றுவதில்லை. ஆனால் ஒன்றைக் கேட்கலாம். முகமூடிக்குள் இருப்பவன் மாசற்ற ஆங்கிலம் பேசி, ஷேக்ஸ்பியரை மேற்கோள் காட்டுபவன் என்று காதால் அறிந்ததனால்தானே அரங்கம் கைதட்டிற்று? அதே முகாமிலிருந்து அதே காயங்களோடு தப்பியவன் பெயர் யூசுஃப் என்றிருந்தால், அதே இரயில், அதே நெம்புகோல், எந்தப் படநிறுவனம் அதற்குப் பணம் போட்டிருக்கும்?

அதே 2006இல் வந்த ‘சில்ட்ரன் ஆஃப் மென்’ படத்தையும் இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். பி.டி. ஜேம்ஸ் 1992இல் எழுதிய நாவல் அது. மகப்பேறே அற்றுப்போன உலகில் கருவுற்ற பெண், நாவலில் ஆங்கிலேயப் பெண். இயக்குநர் அல்ஃபொன்ஸோ குவாரோன் அவளை ஆப்பிரிக்க அகதியாக மாற்றினார். போற்றத்தக்க மாற்றம். ஆனால் அகதி முகாமில் முஸ்லிம்கள் எப்படி வருகிறார்கள்? துப்பாக்கி ஏந்தித் தக்பீர் முழங்கிப் போகும் ஊர்வலமாக. ஒரு படத்தில் நாம் பெட்டகத்துப் பொருள். மற்றதில் தெருவை அடைத்துப் போகும் கூச்சல். எதிர்கால இருளைக் கற்பனை செய்யத் தெரிந்த இரு கலைஞர் கூட்டத்துக்கும், அந்த இருளில் ஒரு முஸ்லிம் தன் பிள்ளைக்குச் சோறூட்டுவதைக் கற்பனை செய்யத் தெரியவில்லை.

இது உருவகக் கதை, கணக்குப் பார்த்துப் பாத்திரம் பங்கிட இது ஊராட்சிமன்ற ஒதுக்கீடா என்று கேட்பவர்கள் உண்டு. ஒதுக்கீடு கேட்கவில்லை. கொடுங்கோன்மை மனிதரைப் பெயரற்ற பட்டியலாக்குகிறது என்பதே இப்படத்தின் குற்றச்சாட்டு. வேலரி விஷயத்தில் அக்குற்றச்சாட்டுக்குத் தானே விடையும் தந்த படம், எங்கள் விஷயத்தில் கொடுங்கோலன் விட்ட இடத்திலேயே எங்களை விட்டுவைத்தது. நான் வைத்த அளவுகோல் படமே வைத்த அளவுகோல்தான்.

முகமூடியோ பின்னர் முஸ்லிம் நாடுகளுக்கே போய்ச் சேர்ந்தது. 2011இல் அரபுத் தெருக்கள் கொதித்தபோது இளைஞர் சிலர் அதை அணிந்தார்கள். 2013இல் பஹ்ரைன் அரசு அதன் இறக்குமதியைத் தடை செய்தது. சவூதி அரசும் அவ்வாண்டே அதற்குத் தடை விதித்தது. முகமூடி விற்பனையில் உரிமைத் தொகை போய்ச் சேர்ந்த இடம் அமெரிக்காவின் வார்னர் குழுமம். கதையில் குரல் பெறாதவர்கள் அதன் முகமூடியை விலை கொடுத்து வாங்கி, தங்கள் சொந்த ஆட்சியாளர் முன்னே தங்கள் சொந்தக் குரலில் பேசினார்கள்.

லார்க்ஹில்லின் ஐந்தாம் அறையில் இருந்தவன் தீப்பிழம்புக்குள்ளிருந்து வெளியே வந்தான். அடுத்த அறையில் இருந்தவளின் கடிதம் வெளியே வந்தது. அந்த முகாமில் வேறு அறைகளும் இருந்தன; அவற்றின் கதவை எந்தக் காமிராவும் திறந்து பார்க்கவில்லை.